கவர்ச்சி (கிளாமர்)

கவர்ச்சி என்பது பார்ப்பவரின் கண்ணையும் மனத்தையும் பிடித்து நிறுத்தும் ஈர்ப்பைக் குறிக்கும் தமிழ்ச் சொல். கிளாமர் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக இன்று பெரும்பாலும் இதுவே எழுதப்படுகிறது. எனினும் இரண்டும் முழுமையாகப் பொருந்துவதில்லை. கிளாமர் என்ற சொல்லுக்குள் பளபளப்பு, மயக்கம், எட்டாத் தொலைவு, கொஞ்சம் மந்திரம் ஆகிய எல்லாம் உண்டு. தமிழ்த் திரைப்படச் செய்திகளில் புழங்கும் 'கவர்ச்சி'யோ, நடிகையின் உடையைப் பற்றிய குறிப்பாகவே பெரும்பாலும் சுருங்கிவிட்டது.

இந்தச் சுருக்கம் எவ்வாறு நேர்ந்தது என்பதை அறியக் காவிரிப் படுகையைப் பார்த்தாலே போதும். தமிழ்த் திரையின் முதல் கனவுக்கன்னி எனப்படும் டி. ஆர். ராஜகுமாரி தஞ்சாவூரைச் சேர்ந்தவர். முதல் பெருநட்சத்திரம் எனப்படும் எம். கே. தியாகராஜ பாகவதர் மயிலாடுதுறையில் பிறந்தவர். நட்சத்திர மயக்கத்தைத் திரையிலேயே கலைத்துக் காட்டிய கே. பாலசந்தர், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்தவர். மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் செல்லும் இருப்புப்பாதையில் இடையில் வரும் ஊர் நன்னிலம்.

இலக்கணத்திலிருந்து வந்த சொல்

கிளாமர் என்ற சொல்லின் பிறப்பு வியப்பானது. ஆங்கிலத்தில் இலக்கணத்தைக் குறிக்கும் 'கிராமர்' என்ற சொல்லே ஸ்காட்லாந்து வழக்கில் திரிந்து 'கிளாமர்' ஆயிற்று. இடைக்கால ஐரோப்பாவில் கிராமர் என்றால் லத்தீன் மொழிக் கல்வி, பொதுவாக ஏட்டுக்கல்வி. எழுதப் படிக்கத் தெரியாத பெரும்பான்மையினருக்கு ஏடு படித்தவர் மந்திரம் அறிந்தவராகத் தோன்றினார். ஆகவே படிப்பு என்ற பொருளிலிருந்து மந்திரவித்தை என்ற பொருள் கிளைத்தது. 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் 'ஒருவர் கண்மீது கிளாமர் போடுவது' என்றால், இல்லாததை இருப்பதாகக் காட்டும் வித்தையைச் செய்வது என்று பொருள். கவிஞரும் நாவலாசிரியருமான வால்டர் ஸ்காட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல்லைப் பரவலாக்கினார். 20ஆம் நூற்றாண்டில் ஹாலிவுட் இதை எடுத்துக்கொண்டபோது மந்திரவாதி மறைந்து, ஒப்பனையும் ஒளியமைப்பும் அந்த இடத்துக்கு வந்தன.

இந்தப் பழைய பொருளுக்குத் தமிழில் அச்சாகப் பொருந்தும் சொல் கவர்ச்சி அன்று, கண்கட்டு வித்தை. தெருவில் மோடி வித்தைக்காரர் செய்துகாட்டியதும் கிளாமர் என்ற சொல் முதலில் குறித்ததும் ஒன்றே.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஆங்கிலத்தில் இலக்கணத்திலிருந்து கிளாமர் பிறந்ததைப் போலத் தமிழிலும் இலக்கணமும் இலட்சணமும் உறவுச் சொற்களாக நிற்கின்றன. இலக்கணம் என்பதை வடமொழிச் சொல்லின் தமிழ் வடிவமாகக் கொள்வோரும், இலக்கு என்னும் தமிழ் வேரிலிருந்து வந்ததாகக் கொள்வோரும் இருக்கின்றனர். எப்படியாயினும் பேச்சில் லட்சணம் என்றால் அழகு. ஆனால் இரு மொழிகளும் சென்ற திசை வேறு. 'மூக்கும் முழியுமாக லட்சணமாக இருக்கிறாள்' என்னும்போது, எது எப்படி அமைய வேண்டுமோ அது அப்படி அமைந்திருக்கிறது என்று பொருள். விதிப்படி அமைந்த அழகு அது. கிளாமரோ கண்ணை ஏமாற்றும் அழகு. பெண் பார்த்துவிட்டு வரும் மாமியாரோ நாத்தனாரோ 'பொண்ணு லட்சணமா இருக்கா' என்று சொல்லலாம். 'கவர்ச்சியா இருக்கா' என்று சொன்னால் சம்பந்தம் அத்தோடு நின்றுவிடும்.

கவர் என்னும் வேர்

கவர்ச்சியின் வேர்ச்சொல் கவர். இதன் பழைய பொருள்களில் முதன்மையானது பற்றிக்கொள்ளுதல், வலிந்து எடுத்தல். புறத்திணைகளில் ஒன்றான வெட்சி, பகைவரின் ஆநிரையைக் கவர்வதைப் பற்றியது. அங்கே கவர்தல் என்பது ஆயுதத்தோடு சென்று மாட்டை ஓட்டிவருவது. திருக்குறளின் 100ஆம் குறளில் இதே வினை, கனியைக் கண்முன் வைத்துக்கொண்டு காயை எடுத்து உண்பதைக் குறிக்கிறது. மனத்தைக் கவர்தல் என்ற வழக்கு இந்தப் பறிக்கும் பொருளிலிருந்து விரிந்தது. உடையவரின் விருப்பத்தைக் கேளாமலே அவர் மனம் எடுத்துச்செல்லப்படுகிறது என்பது அதன் உட்குறிப்பு.

கவர் என்பதற்குக் கிளைத்தல் என்ற பொருளும் உண்டு. இரண்டாகப் பிரியும் வழி கவர்வழி. இரு பொருள் படும் தொடர் கவர்பொருள்.

அறிவியல் தமிழில் இச்சொல் எந்தக் கூச்சமும் இல்லாமல் வாழ்கிறது. இலங்கைப் பாடநூல்களில் மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள ஈர்ப்பு 'கவர்ச்சி விசை' என்றே எழுதப்படும். தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் முதன்முறை அதைப் படித்தால் சிரிக்கக்கூடும். அந்தச் சிரிப்புக்குக் காரணம் திரைப்பட இதழ்கள்.

அண்டைச் சொற்கள்

கிளாமரின் வெவ்வேறு சாயல்களுக்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. வசீகரம் என்பது வசப்படுத்துதல். வசிய மை என்பதில் உள்ள வசியமும் அதன் இனம். எனவே மந்திரப் பொருளுக்கு மிக அருகில் இருப்பது வசீகரம்தான். குரல், பேச்சு, ஆளுமை ஆகியவற்றுக்கு இச்சொல் இயல்பாகப் பொருந்தும். ஆண், பெண் என்ற வேறுபாடும் இதற்கில்லை. பகட்டு என்றால் செல்வத்தைக் காட்டிக்கொள்ளும் பளபளப்பு. தளுக்கு, மினுக்கு ஆகியவை நடையிலும் பாவனையிலும் தெரிவன; இவற்றில் இகழ்ச்சி கலந்திருக்கும். மவுசு என்பது ஒரு பொருளுக்கோ வேலைக்கோ சந்தையில் உள்ள மதிப்பு. படுகை ஊர்களில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு இருந்தது கவர்ச்சி அன்று, மவுசு.

தஞ்சைக்கு நெருக்கமான சொல் ஜிகினா. பொய்க்கால் குதிரையின் உடையிலும் நாடகக் கிரீடத்திலும் மின்னும் தகடும் துகளும் ஜிகினா எனப்படும். தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டப்படுவது உண்மையான தங்கத் தகடு. அதைப் பார்த்து யாரும் ஜிகினா என்று சொல்வதில்லை. 'வெறும் ஜிகினா வேலை' என்ற பேச்சுவழக்கில், மின்னுவது வேறு, மதிப்பு வேறு என்ற தெளிவு இருக்கிறது. கிளாமர் என்ற சொல்லின் ஐயத்துக்குரிய பக்கத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் சொல் வேறு இல்லை.

மைனர்

ஆண்களின் கிளாமருக்குப் படுகை வைத்த பெயர் மைனர். சட்டப்படி வயது நிரம்பாதவர் என்பதே இந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். இளமையிலேயே தந்தையை இழந்து, சிறு வயதில் பெரும் நிலத்துக்கு உரியவரான மிராசுதார் வீட்டுப் பிள்ளையைச் சுட்டத் தொடங்கிய சொல், பின்னர் வயதைவிட்டு வாழ்க்கைமுறையைச் சுட்டலாயிற்று. பட்டு ஜிப்பா, அத்தர் மணம், கழுத்தில் வெளியே தெரியும் தங்கச் சங்கிலி: இவை மைனரின் அடையாளங்கள். நாற்பது வயதானாலும் அவர் மைனர்தான். அந்தச் சங்கிலிக்கு இன்றும் நகைக்கடையில் மைனர் செயின் என்றே பெயர்.

மைனரின் பளபளப்புக்கு நெல்வயலில் உழைத்தவர்களே விலை கொடுத்தனர். அவர் தேடிச்சென்ற பெண்கள் கொடுத்த விலை வேறு. மயிலாடுதுறையை அடுத்த மூவலூரைத் தம் பெயரோடு கொண்ட இராமாமிர்தம் அம்மையார் (1883–1962), தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடியவர். 1936-இல் வெளிவந்த அவருடைய நாவலின் பெயர் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. கவர்ச்சி என்ற சொல்லை அவர் தலைப்பில் பயன்படுத்தவில்லை, மோசவலை என்றார். அழகு விரிக்கப்படும் வலை என்பதும், அதில் விழுந்தவருக்கு மதி திரும்ப வேண்டும் என்பதும் தலைப்பிலேயே இருக்கின்றன. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நிறைவேறியது.

பாகவதரும் ராஜகுமாரியும்

திரைப்படம் வந்தபோது இந்த வலையும் மைனரும் வெள்ளித்திரைக்கு இடம் மாறின. 1944 தீபாவளிக்கு வெளியான ஹரிதாஸ் படத்தின் கதையே அதுதான். பெற்றோரை மதியாத செல்வர் மகன் ஒருவன் ரம்பா என்னும் தாசியிடம் மயங்கிச் சொத்தை இழக்கிறான்; பிறகு மனம் திருந்துகிறான். ஹரிதாஸாகப் பாகவதரும் ரம்பாவாக ராஜகுமாரியும் நடித்தனர். சென்னை பிராட்வே திரையரங்கில் அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. மயக்கத்தின் கேட்டைச் சொன்ன படம், மயக்கத்தாலேயே ஓடியது.

ராஜகுமாரிக்குக் கிடைத்த பட்டம் கனவுக்கன்னி. அச்சொல்லில் இருப்பது உடல் அன்று, கனவு. எட்டாதது என்பதே அதன் பொருள். கிளாமர் என்பதற்கு அந்தத் தலைமுறை கண்ட தமிழாக்கம் என்று இதைச் சொல்லலாம். பின்னர் வந்த எந்தத் தமிழாக்கத்தையும்விட இது மேலானது.

பாகவதரின் நிலை இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தோள்வரை வழியும் அவருடைய முடி 'பாகவதர் கிராப்பு' என்ற பெயரில் ஊர்தோறும் பரவியது. பட்டு ஜிப்பா, வைரக் கடுக்கன், ஓங்கிய குரல் என மைனரின் அடையாளங்கள் அனைத்தும் அவரிடம் இருந்தன. கூடவே உண்மையான இசையும் இருந்தது. ஹரிதாஸ் வெளிவந்த சில வாரங்களில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைது செய்யப்பட்டார். படம் அரங்கில் ஓடிக்கொண்டிருக்க, நாயகன் சிறையில் இருந்தார். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அவ்வழக்கில் 1947-இல் விடுதலை கிடைத்தது. ஆனால் அடுத்து வந்த ராஜமுக்தி (1948) தோற்றது. அதன்பின் வந்த படங்களும் அவரைத் தூக்கி நிறுத்தவில்லை. 1959-இல் அவர் மறைந்தார்.

குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் மக்கள் திரும்பவில்லை என்பதற்கு அரசியல் மாற்றம், வசனப் படங்களின் வருகை எனப் பல காரணங்கள் கூறலாம். சொல்லாராய்ச்சிக்கு இதில் கிடைப்பது ஒன்று. கிளாமர் அதை உடையவரிடம் இருப்பதில்லை, பார்ப்பவரிடம் இருக்கிறது. ஆகவேதான் ஆள் சிறையில் இருந்தபோதும் அது அரங்கில் இருந்தது. ஆள் வெளியே வந்தபோது அது போய்விட்டிருந்தது.

நன்னிலத்திலிருந்து வந்தவர்

பாலசந்தர் 1930 ஜூலை 9 அன்று பிறந்தார். எட்டு வயதிலிருந்தே திரைப்படம் பார்க்கத் தொடங்கியதாகவும், பாகவதரின் படங்களே நாடகத்திலும் திரையிலும் தமக்கு ஆர்வத்தை ஊட்டியதாகவும் அவர் கூறியிருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, முத்துப்பேட்டையில் சிறிது காலம் ஆசிரியராக இருந்து, பின் சென்னையில் ஏஜி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். மாலையில் நாடகம் போட்டார்.

அந்த நாடகங்களில் ஒன்று சர்வர் சுந்தரம். கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் 1964-இல் படமானது. உணவகத்தில் பரிமாறும் இளைஞன் ஒருவன் திரைநட்சத்திரமாகிறான். புகழ் வருகிறது, விரும்பிய பெண் கிடைக்கவில்லை, தாயும் இறந்துபோகிறாள். இறுதியில் அவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மீண்டும் சர்வராகிறான். அம்மைத் தழும்பும் ஒல்லி உடலும் கொண்ட நாகேஷ் நாயகனாக நடித்தார். அழகு இல்லாமலும் கிளாமர் உண்டாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. படத்தின் புகழ்பெற்ற பாடல் காட்சி ஒன்றில், பாடல் எப்படிப் பதிவாகிறது என்பதே காட்டப்படுகிறது, இசையமைப்பாளர் எம். எஸ். விஸ்வநாதன் தாமே தோன்றி வாத்தியக் குழுவை நடத்துகிறார். கண்கட்டு வித்தைக்காரர் தம் பையைத் திறந்து காட்டியதைப் போன்றது அது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், வித்தையின் உட்புறத்தைப் பார்த்த மக்கள் இன்னும் அதிகமாக மயங்கினர்.

பின்னர் அவர் இயக்கிய படங்களிலும் இந்த ஆராய்ச்சி தொடர்ந்தது. அரங்கேற்றம் (1973), வறுமைப்பட்ட புரோகிதர் குடும்பத்தின் மூத்த பெண் உடலை விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றும் கதை. இத்தகைய பாத்திரத்தை அதுவரை திரை தளுக்காகவே காட்டிவந்தது. இங்கே பிரமீளா நடித்த லலிதாவிடம் பார்வையாளர் காண்பது களைப்பு. படம் கடும் விவாதத்தை எழுப்பியது. அவள் ஒரு தொடர்கதை (1974) அலுவலகம் போய்க் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணை நாயகியாக்கியது. மன்மத லீலை (1976) மனைவி இருக்கப் பிற பெண்களிடமெல்லாம் மயங்கும் ஒருவனைப் பற்றியது. அதன் தலைப்பு ஹரிதாஸில் பாகவதர் பாடிய பாடலை நினைவூட்டும். அதே மயக்கம்தான், ஆனால் கேமரா இம்முறை மயக்கும் பெண்ணைவிட மயங்கும் ஆணையே அதிகம் பார்த்தது.

அபூர்வ ராகங்கள் (1975) படத்தில் அறிமுகமான ரஜினிகாந்தும், மரோ சரித்ரா (1978) என்னும் தெலுங்குப் படத்தில் அறிமுகமான சரிதாவும் அக்காலத்துச் சிவப்புத் தோல் இலக்கணத்துக்குள் அடங்காதவர்கள். இவர்களில் ரஜினிக்குத் தமிழ் ஒரு புதிய சொல்லையே ஒதுக்கிக் கொடுத்தது: ஸ்டைல். சரிதாவுக்கு அப்படி ஒரு சொல் கிடைக்கவில்லை. ஆயினும் மற்ற நாயகிகள் பலருக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர் அவர். திரையில் மின்னிய முகம் ஒருவருடையது. மயக்கிய குரல் இவருடையது.

கவர்ச்சி நடிகை

'கவர்ச்சியான நடிகை' என்பதும் 'கவர்ச்சி நடிகை' என்பதும் ஒன்றல்ல. முதலாவது ஒருவரைப் பற்றிய வருணனை. இரண்டாவது, குணச்சித்திர நடிகர், நகைச்சுவை நடிகர் என்பனபோல ஒரு தொழிற்பிரிவு. 'ஆன' என்னும் சிறு சொல் உதிர்ந்தபோது ஒரு மனிதரின் பண்பு அவருடைய பணியாயிற்று. இதற்கு ஆண்பால் வடிவம் வழக்கில் இல்லை. கவர்ச்சி நடிகர் என்று எவரும் எழுதுவதில்லை. அவர் வசீகரமானவர், ஸ்டைலானவர், மக்கள் செல்வாக்குடையவர்.

இந்தப் பெயர்ப்பலகையின் சுமையை மிக அதிகமாகத் தாங்கியவர் சில்க் ஸ்மிதா. ஒப்பனை உதவியாளராகத் திரைத்துறைக்குள் வந்த அவருக்கு, வண்டிச்சக்கரம் (1980) படத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயரே நிலைத்துவிட்டது. அலைகள் ஓய்வதில்லை (1981) படத்தில் குடும்பப் பெண்ணாக அவர் நடித்ததைப் பார்த்தவர்கள், அவரால் வேறென்ன முடியும் என்பதை அறிவர். ஆனால் அத்தகைய வாய்ப்புகள் அரிதாகவே வந்தன. பட விற்பனைக்கு அவருடைய ஒரு நடனம் தேவைப்பட்டது, நடிப்பு தேவைப்படவில்லை. 1996 செப்டம்பர் 23 அன்று சென்னையில் அவர் இறந்து கிடந்தார். அவரைப் பற்றிய செய்திகளில் பெயருக்கு முன்னால் ஒட்டிவந்த 'கவர்ச்சி நடிகை' என்னும் அடைமொழி இன்றும் நீங்கவில்லை.

கிளாமர் என்ற ஆங்கிலச் சொல்லையே தமிழில் எழுதும்போதும் இதே சுருக்கம் தொடர்கிறது. 'கிளாமராக நடிக்க மாட்டேன்' என்று ஒரு நடிகை பேட்டியில் சொன்னால், ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு அது புரியாது. நட்சத்திரமாக மின்ன மாட்டேன் என்று ஏன் ஒருவர் சொல்ல வேண்டும்? தமிழ் வாசகருக்கோ, உடையைப் பற்றிப் பேசுகிறார் என்பது உடனே விளங்கிவிடும். சொல் ஆங்கிலம், பொருள் தமிழ்த் திரையுலகம் தந்தது.

பிற வழக்குகள்

அரசியல் எழுத்தில் கவர்ச்சி இருவிதமாக வரும். தலைவரின் ஆளுமை ஈர்ப்பைச் சுட்டும்போது அது பாராட்டு, எம்.ஜி.ஆர். பற்றிய கட்டுரைகளில் இதைக் காணலாம். 'கவர்ச்சித் திட்டம்', 'கவர்ச்சி அரசியல்' என்னும்போது அது பழி. வாக்குக்காக மக்களை மயக்குவதாகக் குற்றம் சாட்டப்படுகிறது.

வணிகத்தில் 'கவர்ச்சிகரமான' என்ற வடிவம் வேரூன்றியுள்ளது. தமிழ் வேரோடு வடமொழி ஈறு ஒட்டிய கலப்புச் சொல் இது. கவர்ச்சிகரமான தள்ளுபடி, கவர்ச்சிகரமான சம்பளம் என்னும்போது பாலியல் சாயல் சிறிதும் இல்லை.

மொழிபெயர்க்கும் மாணவர்கள் கிளாமர் என்ற சொல்லைக் கண்டவுடன் கவர்ச்சி என்று எழுதிவிடுவது பிழைக்கு வழிவகுக்கும். விமானப் பணியின் கிளாமர் என்பதற்கு மவுசு பொருந்தும். பழைய திரையரங்கின் கிளாமர் என்பதற்குப் பொலிவு. அரச விருந்தின் கிளாமருக்குப் பகட்டு. எழுத்தாளரின் நடையில் உள்ள கிளாமருக்கு வசீகரம். பெண்ணொருவரைப் பற்றிய வருணனையில் கிளாமர் வந்தால், மூலத்தில் பேசப்படுவது அவருடைய உடையா, மிடுக்கா, புகழா என்று பார்த்த பிறகே சொல்லைத் தேர வேண்டும்.

கவர்தலின் பழைய பொருள் முழுவதுமாக உயிரோடு இருப்பது நாளிதழ்களின் குற்றச் செய்திகளில்தான். 'கவர்ச்சிகரமான வட்டி தருவதாகக் கூறி' என்று தொடங்கும் செய்தி, பணம் கட்டியவர்கள் காவல் நிலையத்தில் திரண்டனர் என்று முடியும். வெட்சியில் ஆநிரை போனது. இங்கே சேமிப்பு போகிறது.